ஓங்கிய கை

பொம்மிடி ஸ்டேஷனுக்குப் பின்னாலிருக்கும் மைதானத்தில் சாயங்கால வெயில் புழுதியோடு மஞ்சளாக மிதக்கிறது. கராத்தே வகுப்புக்கு இன்று அம்மாக்களையும் வரச் சொல்லியிருக்கிறார் மாஸ்டர். பயிற்சிக்காகக் கலைமதி கையை ஓங்குகிறாள். எதிரே நிற்கும் அவள் அம்மா தீர்த்தம்மாளின் முழங்கைகள் சட்டென்று சேர்ந்து முகத்தை மறைக்கின்றன. தாடை நெஞ்சில் புதைகிறது. கண்ணாடி வளையல்கள் குலுங்கி அடங்குகின்றன. "சூப்பருங்க்கா! எல்லாரும் இங்க பாருங்க, இப்படித்தான் தடுக்கணும். எங்க கத்துக்கிட்டீங்கக்கா?" என்று மாஸ்டர் கைதட்டுகிறார். "வூட்லதாங்க" என்கிறாள் தீர்த்தம்மாள், கைகளை இன்னும் இறக்காமல். மைதானம் முழுக்க அதேபோல் கைகள் முகத்துக்கு உயர்கின்றன. கலைமதி மட்டும், ஓங்கியபடி நின்றுவிட்ட தன் கையைப் பார்க்கிறாள். அப்படியே அப்பாவின் கை.