செவ்வாய்க்கிழமைச் சுறுசுறுப்பு

சுருளிப்பட்டித் திராட்சை ஷெட்டின் சூப்பர்வைசர் மாரிசெல்வத்துக்கு, அங்கே அழுகல் பழத்தைக் கிள்ளிவிட்டுப் பெட்டியில் அடுக்கும் பெண்களைக் கண்டாலே இளக்காரம். "மாட்டுக்கு இருக்கிற ரோசம்கூட இதுகளுக்கு இல்ல" என்பான். திங்கட்கிழமை தவறாமல் பன்னிரண்டு பேரையும் நிற்க வைத்து, வேலையை எப்படி ரசித்துச் செய்வது என்று ஒரு மணி நேரம் பேசுவான். அவர்களும் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்பார்கள்.

ஒரு புதன்கிழமை முதலாளியம்மா எப்சிபா தேனியிலிருந்து வந்து இறங்கினார்.

"மத்த நாள்ல இருநூறு பெட்டி. செவ்வாய்க்கிழமை மட்டும் முந்நூறுக்குக் குறையல. என்ன விசேஷம்?"

மாரிசெல்வத்துக்குத் தலைகால் புரியவில்லை. "திங்கட்கிழமை நான் பேசுறேன்ல மேடம், அது மறுநாள் வேலை செய்யுது. அதுக்கு மேல இதுக மண்டையில எதுவும் நிக்காது."

எப்சிபாவுக்கு நம்பிக்கை வரவில்லை. பழம் அடுக்கிக்கொண்டிருந்த சோணையம்மாளைக் கூப்பிட்டார்.

"செவ்வாய்க்கிழமை மட்டும் எப்படிம்மா இவ்வளவு உற்சாகம்?"

சோணையம்மாள் மாரிசெல்வத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்களுக்கு இது எப்பவுமே பிடிச்ச வேலைதாம்மா. விட்டா பாடிக்கிட்டே செஞ்சிருவோம். செவ்வாக்கிழமைதான் அதுக்குத் தோதுப்படுது. அன்னைக்கு சாரு காலையில கையெழுத்தப் போட்டுட்டுக் கம்பத்துக்குச் சீட்டாடப் போயிருவாக. சாயங்காலந்தான் வருவாக."

எப்சிபா மாரிசெல்வத்தின் பக்கம் திரும்பினார்.

"அப்படின்னா இங்கன தினமும் செவ்வாய்க்கிழமையாவே இருக்கட்டும்" என்றார். "நாளையில இருந்து நீங்க வர வேண்டாம்."