புஷ்பவள்ளி வீட்டு மின்வெட்டு

“கரண்டு போயிடுச்சுங்க. டிரம்முல பொட்டுத் தண்ணி இல்ல. கொஞ்சம் அடிச்சுக் குடுங்க.”

அக்கா புஷ்பவள்ளியின் குரல் தெருவாசல் வரைக்கும் கேட்டது. கையில் பழப்பையோடு நின்ற அறிவழகனுக்குச் சுருக்கென்றது.

தண்ணீர் அடிக்கச் சொல்வது யாரை? மாமாவை. சின்ன வயதிலேயே போலியோ வந்து வலது கால் சூம்பிப்போன மனுஷரை. அதுவும் அறுபதைத் தாண்டிய பிறகு.

வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான். அடிபம்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் மாமா வைத்திலிங்கம். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. இரண்டு கையாலும் பம்பின் பிடியை அமுக்கிக்கொண்டே, கரண்டை நிறுத்தியவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்.

“வா மச்சான். கடலூர்லயும் இதே லட்சணந்தானா?”

“நவுருங்க மாமா, நான் அடிக்கறேன்.”

“நீ போயி காப்பி குடி. புதுக் கை பட்டா இந்தப் பம்பு கோவிச்சுக்கும்.”

அறிவழகன் கடலூரில் எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவன். மாமா கஷ்டப்படக் கூடாதென்று, இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிதம்பரத்துக்கு வந்து, தன் கையாலேயே மோட்டார் போட்டுக் கொடுத்தான். பழைய அடிபம்பு ஆபத்துக்கு உதவட்டும் என்று விட்டுவைத்தான். ‘தானே’ புயலுக்கப்புறம் கடலூரில் வேலை தலைக்கு மேல் கிடந்தது. இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை. அதற்குள் இப்படியா?

அடுக்களைக்குள் காலை வைத்தான். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது.

நின்றான். இரண்டு வீட்டுக்கும் ஒரே கம்பத்திலிருந்துதான் லைன். அங்கே கரண்ட் இருந்தால் இங்கே ஏன் இல்லை?

நேரே நடைக்குப் போய் மெயின் போர்டை அண்ணாந்து பார்த்தான். ஃபியூஸ் கட்டை இருக்க வேண்டிய இடம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. கீழே ஒரு ஸ்டூல்.

“அக்கா, ஃபியூஸ் கட்டை எங்க?”

அடுக்களையில் புஷ்பவள்ளி கடுகு டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே இருந்தது.

“நீதான் புடுங்குனியா? கரண்டு பில்லு ஜாஸ்தி ஆவுதுன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல? கால் முடியாத மனுஷனை இப்படி வேலை வாங்கறியே, உனக்கே நல்லாயிருக்குதா?”

“மெதுவாப் பேசு. அவரு காதுல விழப்போவுது.” கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். “போன வருஷம் அவரு இருந்த இருப்பை நீ பார்த்ததானே?”

பார்த்திருந்தான். ஒற்றைக் காலால் சைக்கிள் மிதித்தே சொசைட்டி ஆபீசுக்குப் போய்வந்தவர் மாமா. ஓய்வு பெற்ற பிறகு நல்ல காலும் தளர்ந்தது. ஒரு நாள் சைக்கிளோடு விழுந்தார். அதோடு சரி. சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். சோறு வைத்தால் சாப்பிடுவார். வைக்காவிட்டால் கேட்கமாட்டார்.

“மனசுக்கு வந்த சீக்குன்னு சொல்லி டாக்டரு மாத்திரை குடுத்தாரு. மாத்திரை மட்டும் பத்தாது, உடம்பு அசையணும்னாரு. உக்காந்த எடத்துலயே கையால பயிற்சி செய்யறதுக்கு ரப்பர் பட்டை ஒண்ணு குடுத்தாங்க. ‘இதை இழுத்து யாருக்கு என்ன ஆவப்போவுது’ன்னு தூக்கிப் போட்டுட்டாரு.”

“அப்புறம்?”

“ஒரு நாள் நெசமாவே கரண்டு போச்சு. குளிக்கத் தண்ணி இல்லாம நான் முழிச்சுக்கிட்டு நிக்கறேன். இவரே ஊணுகோலை எடுத்துக்கிட்டுப் போயி பம்பு அடிச்சாரு. அன்னிக்கு மத்தியானம், ‘கொழம்புல உப்பு கம்மி’ன்னாரு. அவரு வாயத் தொறந்து ஒரு கொறை சொல்லி எத்தினி மாசம் ஆச்சு தெரியுமா?”

அறிவழகன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அதுலேர்ந்து காலையில நானே நிறுத்திடறேன். டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன். கை வலிக்கற அளவுக்கு அடிக்க விடாதீங்கன்னாரு. அதனால ஒரு டிரம்மு ரொம்புனதும் எங்க வீட்டுக்குக் கரண்டு வந்துடும்.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு நிலைக்கவில்லை. “அவருக்குத் தெரியாது. நீயும் சொல்லிடாத அறிவு. தெரிஞ்சா, இதுவும் ரப்பர் பட்டைதான்னு விட்டுடுவாரு. மறுபடியும் அந்தச் செவுத்துக்கிட்ட போயி உக்காந்துட்டாருன்னா, நான் எப்படி எழுப்புவேன்?”

அவன் தலையை ஆட்டிவிட்டுக் கொல்லைக்கு வந்தான்.

டிரம் நிரம்பியிருந்தது. மாமா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன மச்சான், போர்டைப் பார்த்தியா?”

“பார்த்தேன் மாமா. லைன்லதான் ஏதோ ஃபால்ட்டு.”

“நல்ல எலக்ட்ரீசியன்டா நீ.” மாமா குரலைத் தாழ்த்தினார். “பக்கத்து வீட்டு மிக்ஸி எனக்குக் கேக்காதா?”

அறிவழகன் முக்காலிக்குப் பக்கத்தில் குந்தினான்.

“அவகிட்ட மூச்சு விடாத. நான் திட்டறதே அவளுக்குக் கேக்கட்டும்னுதான். ஒரு நாள் சத்தம் இல்லாம அடிச்சேன். மறுபடியும் படுத்துடுவேனோன்னு அன்னிக்குப் பூரா என் மொகத்தையே பார்த்துக்கிட்டுத் திரிஞ்சா.” அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். “உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் இத்தினி நாளா காத்துக்கிட்டிருந்தேன்.”

“சொல்லுங்க மாமா.”

“அந்தப் போர்டைக் கொஞ்சம் கீழ எறக்கி மாட்டிட்டுப் போ. தெனமும் ஈரக் கையோட ஸ்டூல் மேல ஏறி எக்கி எக்கிக் கழட்டறா. விழுந்துடப்போறா.”