பெயர் சொல்லும் இடம்

"இறைவா, இந்த வீட்டை உன் நிழலில் வைத்துக் காப்பாற்று..."

உள்ளறையிலிருந்து வந்த குரலைக் கேட்டதும் நிருபருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அது எழுத்தாளரின் குரல். கடவுள் இல்லை என்று அடுக்கடுக்காக நாவல் எழுதித் தள்ளியவரின் குரல். மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறாள், சந்தேகமே இல்லை.

'நம்பிக்கையும் மறுப்பும்' என்று அவளுடைய பத்திரிகை சிறப்பிதழ் போடுகிறது. அதற்குப் பேட்டி எடுக்கத்தான் வந்திருந்தாள். சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டாள். வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால், மனைவியின் கட்டிலோரம் நாற்காலி போட்டு, கையில் பிரார்த்தனைப் புத்தகத்தோடு மனிதர் உட்கார்ந்திருக்கிறார்!

கடைசிப் பக்கத்தில் குரல் நின்றது. ஏதோ முணுமுணுத்தார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

நிருபருக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

அவருடைய முதல் நாவலைப் படித்துத்தான் அவள் சாமி கும்பிடுவதை விட்டாள். போன வருஷம் ஆஸ்பத்திரியில் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக ஒரே ஒரு தடவை கடவுள்கிட்ட கேளேன்டி" என்று கெஞ்சினாள். "நம்பாததை எப்படிம்மா சொல்றது?" என்று இவள் கையை உருவிக்கொண்டாள். மறுநாள் அம்மா இல்லை.

கொள்கையில் உறுதியானவள் என்று நண்பர்கள் மெச்சினார்கள். அந்த மெச்சலை வைத்துக்கொண்டுதான் இவளும் இத்தனை நாள் அழாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

எழுத்தாளர் வெளியே வந்தார்.

"அடடே, வந்துட்டியாம்மா? உட்காரு, உட்காரு."

கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பக்தி முற்றிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா சார் இது? உபதேசமெல்லாம் ஊருக்குத்தானா?"

அவர் மழுப்பவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவளுக்குச் சர்க்கரையில கண்ணு போயிடுச்சும்மா. இந்தப் புத்தகத்தைப் படிக்காம பச்சைத் தண்ணி குடிக்க மாட்டா. அதான் நான் படிக்கிறேன்."

"நம்பாமலேயா?"

"நம்பாமதான். அவளுக்குக் கண்ணு இல்ல, எனக்கு இருக்கு. இதுல கடவுள் எங்கேருந்து வந்தார்?"

அவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நடந்ததை அப்படியே கொட்டினாள்.

"உங்க எழுத்தை நம்பித்தானே சார் எங்கம்மாகிட்ட முடியாதுன்னு சொன்னேன்!"

எழுத்தாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கடவுள் இல்லன்னுதாம்மா எழுதினேன். அம்மா இல்லன்னு நான் எழுதலையே."

சொன்னவருக்கே அது சுட்டிருக்க வேண்டும். "இரு, டீ போட்டுக் கொண்டு வரேன்" என்று சமையலறைக்கு எழுந்து போய்விட்டார்.

"யாரும்மா அது? இப்படி வா" என்று உள்ளறையிலிருந்து மனைவி கூப்பிட்டார்.

போனாள். சுவரில் ஓர் இளைஞனின் படம் மாட்டியிருந்தது.

"நீங்க பேசினது காதுல விழுந்தது. இதையெல்லாம் பத்திரிகையில போடுவியா?"

"போடணும்மா. முதல்ல அவரைத் தப்பா நினைச்சுட்டேன். உங்க நம்பிக்கைக்காகத் தன் கொள்கையையே விட்டுக் கொடுக்கிறாரே, எவ்வளவு பெரிய மனசு! நாலு பேருக்குத் தெரியட்டும்."

"வேண்டாம்மா. நாலு பேருக்குத் தெரிஞ்சா வெட்கப்பட்டுக்கிட்டு நிறுத்திடுவார்."

"ஆமாம், பாவம், அப்புறம் நீங்க பிரார்த்தனை இல்லாம எப்படி..."

"நானா?" அந்த அம்மா மெல்லச் சிரித்தார். சிரிப்பில் ஈரமே இல்லை. "சுவத்துல இருக்கானே, எங்க பையன். பைக்ல போனவனைத் துணியில சுத்தித் தூக்கிட்டு வந்தாங்க. அன்னிக்கே எனக்குச் சாமியும் போச்சு, பூதமும் போச்சு. புத்தகத்தைச் சும்மா மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். இவருக்கு அது இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

நிருபருக்குப் புரியவில்லை. "அப்புறம் எதுக்கும்மா தினமும் படிக்கச் சொல்றீங்க?"

அந்த அம்மா சமையலறைப் பக்கம் காது கொடுத்தார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. குரலை இன்னும் தணித்துக்கொண்டார்.

"பையன் போனப்போ இவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. அவன் பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடுவார். இப்போ டீ போடப் போனாரே, அந்த மாதிரி. அப்புறம் எனக்குக் கண்ணு போச்சு. நான் படிச்சுக் காட்டறேன்னு அவரே வந்து உட்கார்ந்தார். வேண்டாங்க, எனக்கு இதெல்லாம் விட்டுப்போச்சுன்னு சொல்லத்தான் நினைச்சேன். அதுக்குள்ள கடைசிப் பக்கம் வந்துடுச்சு. வேண்டியவங்க பேரைச் சொல்லி, இவங்களைப் பார்த்துக்கோன்னு கேட்கிற இடம் அது. அங்கே எங்க பையன் பேரைச் சொன்னார். சொல்லிட்டு, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு, வாயைப் பொத்திக்கிட்டு அழுதார். தினமும் அப்படித்தான். நான் போதும்னு சொல்லிட்டா, அந்த மனுஷன் எங்கேம்மா போய் அழுவார்?"

நிருபர் பேட்டிக்காகக் கையில் வைத்திருந்த ரிக்கார்டரைப் பைக்குள் போட்டாள்.

அந்த அம்மா காற்றில் துழாவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை அவள் உருவிக்கொள்ளவில்லை.

"உங்கம்மா பேர் என்னம்மா?"

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அழுகைதான் முதலில் வந்தது.