ஒட்டுப் போட்ட சங்கிலி

"கோட் வாங்கு மகன், முதல்ல ஒரு கறுப்புக் கோட்..."

"கோட்டுக்கு என்ன அவசரம்? சங்கிலியை எடுங்க, ஐயா!"

"அவன் சொல்லுறதைக் கேக்காதீங்க முத்துலிங்கம் ஐயா. சங்கிலி உள்ளுக்கே கிடக்கட்டும்!"

"எடுங்க ஐயா, நான் சொல்லுறன்!"

கண்ணாடி மேசையின் மேல் அவன் சல்லி நோட்டுக்கட்டை முன்னுக்குத் தள்ளினான். யோசெப்பின் அதைப் பின்னுக்கு இழுத்தாள். செட்டியார் தெருவில் அடகுக் கடை வைத்து முடி நரைத்துப்போன முத்துலிங்கம், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வட்டியைக் குறைக்கச் சொல்லிச் சண்டை பிடிப்பவர்களைத் தினமும் பார்க்கிறார். நகையை மீட்காதே என்று ஒருத்தி சண்டை பிடிப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

யோசெப்பின் அவருக்குப் பழைய வாடிக்கை. கொட்டாஞ்சேனையில் சோத்துப் பார்சல் கட்டித் துறைமுகத்து ஆட்களுக்கு விற்கிறவள். சட்டக் கல்லூரிக்குப் பணம் கட்டுகிற காலம் வந்தால் போதும், மீன் வாடை மாறாத கையோடு படியேறி வந்து கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைப்பாள். "பிள்ளை ஒண்டு லோ படிக்குது, ஐயா" என்பாள். பார்சல் விற்ற சல்லியில் கிறிஸ்மஸ் பூசைக்கு முன்னர் எப்படியும் மீட்டுவிடுவாள். புது வருடம் பிறந்ததும் மறுபடி கொண்டுவந்து வைப்பாள்.

அந்தப் பிள்ளை இவன்தான். பெயர் ரெனால்ட். போன கிழமைதான் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்திருக்கிறான். கையில் இருப்பது, படிக்கிற காலத்தில் ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவிச் சேர்த்த சல்லி.

"இரவல் கோட்டோட சத்தியம் செய்தவன், ஐயா" என்று யோசெப்பின் முறையிட்டாள். "கை முழங்கையோட நிண்டிட்டுது. போட்டோவில பார்த்தா கல்யாண வீட்டு வெயிட்டர் மாதிரி நிக்கிறான்."

"அந்தப் போட்டோவைத்தானே பார்சல் வாங்க வந்த ஆக்கள் எல்லாருக்கும் காட்டினீங்க, அம்மா?"

"காட்டினனான்தான். வடிவா இருக்கெண்டா காட்டினனான்?"

முத்துலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எந்தக் கோர்ட்டில தம்பி தொடங்கப் போறீர்?"

"கோர்ட்டில இல்லை, ஐயா. ஒரு அமைப்பில. களவு, அடிதடி எண்டு பிடிபடுற பொடியன்மாரையும், பறிகொடுத்த ஆக்களையும் ஒரு மேசையில இருத்திக் கதைக்க வைக்கிற வேலை. பிழையை ஒத்துக்கொண்டு, அதைத் திருத்திக் குடுக்க அவனுக்கு ஒரு வழி பார்க்கிறது."

முத்துலிங்கத்தின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"கள்ளனோட என்ன மேசை, என்ன கதிரை? போன வருசம் என்ர கடைப் பூட்டை உடைச்சவன்ர முகத்தைக் கண்ணாலயும் காண எனக்கு விருப்பமில்லை. அவனை உள்ள போடத்தானே சட்டம் இருக்கு? இதுக்கே இந்த மனுசி கழுத்தை வெறுமையாக்கிப் படிப்பிச்சவ? என்ர மருமகனைப் பாரும். வெள்ளவத்தையில காணி வழக்குத்தான் பேசுறார். வீடு ரெண்டு மாடி!"

"மாடி ஏற எனக்கு முழங்கால் விடாது, ஐயா" என்றாள் யோசெப்பின். "அவனை அந்த வேலைக்குப் போகச் சொன்னதே நான்தான். ஆனா மொட்டைக் கையோட போகச் சொல்லேல்ல. கோட் வாங்கு மகன்."

ரெனால்ட் குரலைத் தாழ்த்தினான்.

"திங்கட்கிழமை என்ர முதலாவது பொடியன் வாறான், அம்மா. இந்தச் சங்கிலி உங்கட கழுத்தில ஏறாம நான் எந்த முகத்தோட அவனுக்கு முன்னால போய் இருக்கிறது?"

நோட்டுக்கட்டைப் பிடித்திருந்த யோசெப்பினின் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, எடுங்க ஐயா. இவனோட வாய் குடுத்து வெல்லேலாது. லோயர்தானே."

முத்துலிங்கம் உள்ளே போய்ச் சங்கிலியைக் கொண்டுவந்து சிவப்புத் துணியில் வைத்தார். நடுவில் அந்தப் பழைய ஒட்டு, பயற்றங்காய் விதை போலத் தடித்துத் தெரிந்தது. வருடா வருடம் அந்த ஒட்டைக் காட்டித்தான் பெறுமதியைக் குறைப்பார். அராவிச் சீராக்கித் தரட்டுமா என்று கேட்டால், அதில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்பாள்.

"நல்ல நாளும் அதுவுமா, நான் ஒரு வேலை செய்யிறன் தங்கச்சி. சல்லி வேண்டாம். இந்த ஒட்டை எடுத்திட்டு, புதுக் கண்ணி போட்டுத் தாறன்."

"வேண்டாம்!"

இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. கடைக்குள் வந்ததிலிருந்து அவர்கள் ஒத்துப்போனது இந்த ஒன்றில்தான்.

முத்துலிங்கம் திகைத்துப் போனார். "அப்பிடி என்ன கிடக்கு இந்த ஒட்டில? ஓ... விளங்குது! சின்னனில அம்மாட மடியில இருந்து இழுத்து அறுத்துப்போட்டீர், என்ன தம்பி?"

யோசெப்பின் வாய்விட்டுச் சிரித்தாள். "சொல்லு மகன். ஐயாவும் தெரிஞ்சுகொள்ளட்டும்."

ரெனால்ட் சங்கிலியை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போய் நின்றான். கழுத்தில் போட்டு, கொக்கியை மாட்டி, அது சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு தரம் இழுத்துப் பார்த்தான். பிறகுதான் நிமிர்ந்தான்.

"அறுத்தது நான்தான், ஐயா. ஆனா மடியில இருந்தில்லை. கொச்சிக்கடைக் கோயிலடியில, செவ்வாய்க்கிழமைப் பூசைச் சனத்துக்குள்ள, பதினேழு வயசில அறுத்துக்கொண்டு ஓடினனான். அப்ப எனக்கு இவங்க ஆரெண்டே தெரியாது. அம்மா எண்டு கூப்பிடத் தொடங்கினது அதுக்குப் பிறகுதான்."