தண்ணிக்குப் பயந்த குதிரை

மாடம்பாக்கம் ஏரி நிரம்பி, ரோட்டின் மேல் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. மணப்பெண் ஹில்டாவை ஏற்றி வந்த சாரட்டுக் குதிரை, தண்ணீரைக் கண்டதும் நின்றுவிட்டது.

“தண்ணின்னா இதுக்கு பேஜார் சார்,” என்றார் வண்டிக்காரர் சவுரிமுத்து, கடிவாளத்தை இறுகப் பிடித்தபடி. “முன்னால இன்னொரு குதிரை போனா பின்னாலயே பூடும்.”

இன்னொரு குதிரை அக்கரையில் நின்றது, மாப்பிள்ளை சத்தியநாதனின் வண்டியில்.

பெண்ணின் அப்பா தேவானந்தம் பல்லைக் கடித்தார். மகளின் காதலுக்கு ஒருவழியாகத் தலையாட்டியவர், ‘அந்தப் பையனோடு மட்டும் பேச மாட்டேன்’ என்று சொல்லியிருந்தார். இன்றுவரை பேசவில்லை.

சர்ச் மணி அடித்தது. ஹில்டா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. மகள் அழுவதை அவரால் தாங்க முடியவில்லை.

“மாப்ளே!” என்று அக்கரையைப் பார்த்துக் கத்தினார். “கொஞ்சம் இப்படி வாங்க மாப்ளே!”

தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு சத்தியநாதனின் வண்டி வந்து திரும்பியது. ஹில்டாவின் குதிரை சாதுவாகப் பின்னால் போனது. சர்ச் வாசலில் மருமகனின் கையைப் பிடித்த மாமனார் விடவே இல்லை.

விருந்து முடிந்து ஏரிப்பக்கம் வந்த தேவானந்தம் திகைத்தார். அதே குதிரை தண்ணீரில் புரண்டு புரண்டு குளித்துக்கொண்டிருந்தது.

“என்னப்பா, தண்ணின்னா பயம்னு சொன்னியே?”

“தெனம் இங்கதான் சார் குளிக்குது. உட்டா ரோட்டுத் தண்ணியிலயே படுத்துக்கும். ஒங்க பாப்பாதான், எங்கப்பா வாயைத் தொறக்கிற வரைக்கும் கடிவாளத்தை உடாதீங்கண்ணான்னு சொல்லிச்சு.”