ஒத்திகை முடியும் வரை

"நாடகம் என்னிக்கு, டாக்டர்? இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள தேதி சொல்லுங்க. இல்லேன்னா நாளையிலேர்ந்து கேட்டைப் பூட்டிடுவோம்."

அபார்ட்மெண்ட் சங்கத்தின் செயலாளர் கோவிந்தராஜன் இதைக் கோபமில்லாமல்தான் சொன்னார். கோபப்படும் பொறுப்பை அவர் வாட்ஸ்அப் குழுவிடம் ஒப்படைத்து வெகுநாளாகியிருந்தது.

ரகுராம் நோட்டுப் புத்தகத்தை மூடினான். அவன் சமூகவியலாளன். மக்கள் கலை மக்களை மாற்றுமா என்பது அவனுடைய இரண்டு வருட ஆய்வு. அதில் இருபது மாதம் ஓடிவிட்டது, மாறிய மக்கள் யாரும் கண்ணில் படவில்லை. அந்த நேரத்தில்தான் அபார்ட்மெண்டுக்குப் பின்னாலுள்ள மர்பி டவுனில் துணி ஆல்ட்ரேஷன் கடை வைத்திருக்கும் யூனிஸ் அவனைத் தானாகவே தேடி வந்தாள்.

மர்பி டவுன் ஜனங்கள் பஸ் ஸ்டாப்புக்கும் பள்ளிக்கூடத்துக்கும் காலங்காலமாக நடந்த சந்தின் குறுக்கே, போன வருடம் இந்த அபார்ட்மெண்ட் ஒரு கேட் போட்டுவிட்டது. சுற்றிப் போனால் அரை மணி நேரம். அங்கே குடியிருக்கும் வயசான மௌரீன் ஆன்ட்டியின் முட்டிக்கு அது ஒரு மணி நேரம். மனு கொடுத்தார்கள். வழக்குப் போட்டார்கள், அது நடந்துகொண்டே இருந்தது. கேட் முன்னால் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்து, போராட்டத்துக்கென்று ஊரில் தனியாக இடம் இருக்கிறது, அங்கே போய்ப் போராடுங்கள் என்று எழுப்பிவிட்டது. கேட் இங்கே, போராட்டம் அங்கே.

"அதனால நாடகம் போடலாம்னு இருக்கோம் சார். அந்தக் கேட்டுலயே," என்றாள் யூனிஸ். ஒத்திகைக்கு அவன் அனுமதி வாங்கித் தந்தால் போதும் என்றாள்.

ரகுராம் பல்கலைக்கழக லெட்டர்ஹெட்டில் எழுதினான். 'கலாச்சாரம்' என்ற சொல் ஒரே பக்கத்தில் ஏழு முறை வந்ததைப் பார்த்துச் சங்கம் பயந்துபோய் ஒப்புக்கொண்டது. காலையில் ஏழிலிருந்து ஒன்பதரை, மாலையில் நான்கிலிருந்து ஏழு, கேட் திறந்திருக்கும்.

நாற்பது நாளாக அவன் கேட் ஓரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான். மர்பி டவுன் பையன் டிரேவர் டிரம்மில் நாலு தட்டு தட்டுவான், நடிகர்கள் வருவார்கள். முதல் நாள் பதினொரு பேர். இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு. யூனிஸ் நடுவில் நின்று இயக்குவாள், ஒருவரை வேகமாக வரச் சொல்லி, ஒருவரை ஓரமாக விலகச் சொல்லி. 'வசனமே இல்லை. உடலே மொழி. ஒருவர்கூடப் பார்வையாளரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அபாரம்' என்று எழுதினான். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆய்வாளன் குறுக்கிட்டால் ஆய்வு கெட்டுவிடும் என்பது அவன் துறையின் முதல் பாடம். அதில் அவன் தங்கப் பதக்கம் வாங்கியவன்.

இப்போது தேதி கேட்கிறார்கள். யூனிஸிடம் போய்ச் சொன்னான்.

"இன்னும் சரியா வரல சார்," என்றாள், வாயில் குண்டூசியோடு. "அவசரப்பட்டா கெட்டுடும்."

அவனுக்கு நியாயமாகப் பட்டது. மேடையேறுவதைவிட அதை நோக்கிய பயணமே பெரிது என்று அவனே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறான்.

அன்று மாலை கிளப் ஹவுஸில் கமிட்டி கூடியது. ஏழு பேர், ஒரு தட்டு பிஸ்கட். நாற்பது நாள் பெரிய மனசோடு இருந்துவிட்டோம், இனி முடியாது என்றார் கோவிந்தராஜன். ரகுராம் வாழ்க்கையில் முதல்முறையாகக் குறுக்கிட்டான்.

"பூட்டுங்க சார். பூட்டுக்கு முன்னாடி நாற்காலியைப் போட்டு உட்காருவேன். என்னைத் தூக்கிட்டுப் போக ஆள் கூப்பிடுங்க, அதையும் எழுதுவேன். இருநூத்திப் பன்னண்டு பேரோட ஒத்திகையை நிறுத்தினது யாருன்னு என் அறிக்கையில இருக்கும். பேரு, பிளாட் நம்பர், எல்லாம்."

பிஸ்கட் தட்டில் யாரும் கை வைக்கவில்லை. பொருளாளர் அனுஷாதான் மெல்லக் கேட்டாள், அது கூகுளில் வருமா என்று.

"அபார்ட்மெண்ட் பேரைப் போட்டா முதல்ல அதுதான் வரும்," என்றான். அவன் அறிக்கைகளை இதுவரை படித்தவர்கள் மொத்தம் நான்கு பேர், அவன் உட்பட.

பிளாட் விற்கும் யோசனையில் இருந்த மூன்று பேர் கோவிந்தராஜனைப் பார்த்தார்கள். அவர் பேனாவைத் திறந்தார். ரகுராம் சொல்லச் சொல்ல எழுதி, சங்கத்தின் முத்திரையும் குத்திக் கொடுத்தார்: 'ஒத்திகை முடியும் வரை கேட் பூட்டப்பட மாட்டாது.'

மறுநாள் காலை எட்டு மணிக்கு, கூட்டம் கேட்டைக் கடந்துகொண்டிருக்கும்போது, ரகுராம் அந்தக் காகிதத்தை யூனிஸிடம் நீட்டினான். அவள் இரண்டு முறை படித்தாள். போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பினாள். பிறகு அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

சண்டை போட்டவனுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்க உரிமை இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது.

"இப்பவாவது சொல்லுங்கக்கா. நாடகத்தோட கதை என்ன?"

யூனிஸ் அவனைக் கொஞ்சம் பாவமாகப் பார்த்தாள்.

"நாடகமெல்லாம் ஒண்ணும் கிடையாது சார். புள்ளைங்க ஸ்கூலுக்குப் போவுது, நாங்க வேலைக்குப் போறோம்."