ஏழரை மணிக்கு உழவர் சேனல்

“கேபிளுக்கு மாசம் முன்னூறு ரூபா. போன் ரீசார்ஜோட ஓடிடி சும்மாவே வருது. அப்புறம் இன்னாத்துக்கு நைனா கேபிளு?”

கேட்ட சங்கரி டிவிக்கு நேரே பாயில் உட்கார்ந்திருந்தாள். அம்மா ஜோதிலட்சுமி சமையலறை வாசற்படியில். அப்பா திருவேங்கடம் ரிமோட்டும் கையுமாக நாற்காலியில். அச்சரப்பாக்கத்தில் அந்த வீட்டில் இருப்பது இந்த மூவர்தான்.

“கேபிளை எடுக்கற பேச்சு இந்த வூட்ல எவளும் பேசக் கூடாது!”

“நீ பார்த்தாலாவது பரவால்ல,” ஜோதிலட்சுமி கரண்டியை ஆட்டினாள். “ஏழரை ஆனா டாண்ணு உழவர் சேனல். ஆடு வளர்ப்பு, மண்புழு உரம்! நம்மகிட்ட ஆடு கீதா? உரம் போட மண்ணுதான் கீதா? வச்சிட்டு நீ பாட்டுக்குப் பின்னாடி செவுத்தாண்ட போய் நின்னுக்கற.”

“போன வாரம் மேட்ச். ஆறு பாலு, ஒன்பது ரன்னு. அப்பப் போய் மாத்துனியே!” சங்கரிக்கு இன்னும் ஆறவில்லை. “ஓடிடின்னா அவங்கவங்க இஷ்டத்துக்குப் பார்த்துக்கலாம்.”

“அதான் கூடாதுன்றேன்! அவனவன் இஷ்டத்துக்குப் பார்க்கவா நான் காசு கட்டறேன்?”

“இன்னா பேச்சு இது?” ஜோதிலட்சுமி கத்தினாள். “பெரிய பேஜாரா போச்சு உன்னோட. காலைல ஏசுதாசுக்கு போன் போட்டு கேபிளைக் கழட்டச் சொல்லிட்டுதான் மறுவேலை!”

“போன்ல ஆயிரம் சொல்லு. எழுத்துல போறதுதான் நிக்கும்.”

திருவேங்கடம் அங்கேயே தாள் எடுத்தார். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று ஒன்று விடாமல் எழுதினார். யாருக்கும் காட்டாமல் உறையில் போட்டு ஒட்டினார். சட்டையை மாட்டிக்கொண்டு போய், கேபிள்காரர் ஏசுதாஸ் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார்.

கடிதம் இப்படி முடிந்திருந்தது:

‘என் மனைவி போன் செய்தாலும் இணைப்பைத் துண்டிக்க வேண்டாம். எங்கள் பெட்டியிலிருந்து சுவர் வழியாகப் பக்கத்திலுள்ள என் தம்பி துரையின் வீட்டு டிவிக்குப் போகும் ஒயரையும் தொட வேண்டாம். அப்பா வாங்கிய கேபிளில் அவனுக்கும் பாதி என்று பாகம் பிரித்தபோது பத்திரத்தில் எழுதிவிட்டார்கள், கொடுத்துவிட்டேன். ஆனால் ரிமோட் யாருக்கு என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நான் இங்கே வைப்பதைத்தான் அவன் அங்கே பார்த்தாக வேண்டும்.’